அடைக்கலமும் உரிமையும்

முதியோரைப் பேணுதல் தமிழர் அறங்களுள் தலையாயது என்று மேடைதோறும் பேசி வருகின்றோம். பெற்றோரைத் தெய்வமென மதித்தல் வேண்டுமென்று பள்ளிப் பருவத்திலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். இவை யாவும் நல்லனவே. ஆயினும் இந்த அறம் பெரும்பாலும் வீட்டின் எல்லையோடு நின்றுவிடுகின்றது. வீட்டைவிட்டு முதியோர் இல்லமொன்றினுள் புகுந்த ஒருவர் அன்றுமுதல் நம்முடைய இரக்கத்துக்கு உரியவராகின்றாரேயன்றி, மதிப்புக்கு உரியவராக இருப்பதில்லை. அவருக்கு வேளைக்கு உணவு கிடைக்கின்றதா என்று கேட்கின்றோம். அவருடைய சொல்லுக்கு அங்கே இடமுண்டா என்று கேட்பதில்லை. இக்குறையைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு சிந்திக்க விரும்புகின்றோம்.

புறநானூற்றிலே, கழிந்த இளமையை நினைந்து முதுமையின் துயரைப் பாடிய புலவர் ஒருவர் உளர். அவருடைய இயற்பெயர் இன்று எவருக்குந் தெரியாது. பாட்டிலே வரும் ஊன்றுகோலே அவருக்குப் பெயராயிற்று; தொடித்தலை விழுத்தண்டினார் என்றே நூல் அவரை அறிகின்றது. பாட்டின் சிறப்பினால் வந்த பெயராதலின் அது அவருக்குப் புகழேயாம். இக்காலத்து இல்லங்களில் முதியவர் ஒருவர் தம் பெயரை இழப்பது அத்தகைய புகழினால் அன்று. நாற்பதாண்டு பள்ளிக்கூடத்திற் படிப்பித்தவரும், தோட்டத்திற் கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கியவரும், வயலும் வாய்க்காலுமாக வாழ்ந்தவரும் அங்கே ஒரு கட்டிலின் எண்ணாகவோ, ஒரு நோயின் பெயராகவோ அழைக்கப்படும் நிலை எளிதில் வந்துவிடுகின்றது. பெயர் போனபின் உரிமை போவதற்கு நெடுநாள் ஆவதில்லை.

முதியோர் இல்லம் என்றதும் பிள்ளைகளைப் பழித்துரைப்பது நம்மவரின் வழக்கம். அந்தப் பழியில் ஓரளவு நியாயம் இருத்தல் கூடும். எனினும், காலத்தின் மாற்றத்தை நாம் கருதாதிருத்தல் இயலாது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதையோ அதற்கு மேற்பட்ட வயதையோ அடைந்திருந்தனர். அதன்பின் அத்தொகை மேலும் பெருகியுள்ளது. குடும்பங்கள் சிறுத்துவிட்டன. முன்னர் வீட்டிலிருந்து முதியோரைப் பராமரித்த பெண்கள் இன்று வேலைக்குச் செல்கின்றனர். தமிழர் நிலையோ இன்னுஞ் சிக்கலானது. 1983ஆம் ஆண்டின் பின்னர் பல்லாயிரவர் கடல் கடந்தனர். 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர் எத்தனையோ முதியவர்களைப் பிள்ளைகளற்றவர்களாக்கியது. பிள்ளை இலண்டனில், மகள் ரொறன்ரோவில், தாய் யாழ்ப்பாணத்தில் என்பது இன்று ஒரு குடும்பத்தின் கதையன்று. ஓர் ஊரின் கதை. ஆகவே, ஒருவர் ஏன் இல்லத்துக்கு வந்தார் என்று வினவி அவரையும் அவர் மக்களையும் நாணச் செய்வதினும், வந்தபின் அவர் எவ்வாறு வாழ்கின்றார் என்று வினவுவதே பயனுடைத்து.

நம் நாட்டு இல்லங்களுட் பல தருமத்தினால் நடப்பவை. கோயில்களும் தேவாலயங்களும் தொண்டர் சபைகளும் தனிப்பட்ட கொடையாளிகளும் அவற்றைத் தாங்கி வருகின்றனர். அவர்தம் தொண்டினை நாம் குறைத்துரைக்கவில்லை. அவர்கள் இல்லையெனில் தெருவோரத்திற் கிடந்து மடிந்திருக்கக்கூடியவர் பலர். ஆயினும் தருமம் என்ற சொல்லுக்குள் ஓர் அபாயமும் மறைந்திருக்கின்றது. கொடுப்பவர் உயர்ந்து நிற்கின்றார். பெறுபவர் நன்றி கூறுவதைத் தவிர வேறு வாய் திறத்தல் ஆகாது என்ற நிலை தோன்றுகின்றது. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லத்திற் சாப்பாடு கொடுப்பது நம்மிடையே பரவியுள்ள ஒரு நல்வழக்கம். ஆனால் அந்தச் சாப்பாட்டுப் பொதியை ஏந்திய முதியவளை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்து உலகெங்கும் அனுப்புகின்றோமே, அதற்கு அவளிடம் சம்மதம் கேட்டோமா? தன்னுடைய வறுமையைத் தன் ஊரார் காண வேண்டாமென்று அவள் எண்ணியிருக்கலாம். அவ்வெண்ணத்தைச் சொல்ல அவளுக்கு ஓர் இடம் இருந்ததா?

இல்லத்து வாழ்க்கையிலே உரிமை என்பது பெரும்பாலும் சிறு காரியங்களிலேதான் விளங்கும். காலையில் எப்போது எழுவது, வெந்நீரிற் குளிப்பதா தண்ணீரிற் குளிப்பதா, யார் குளிப்பாட்டுவது, கதவைச் சாத்தலாமா, வந்த கடிதத்தைப் பிறர் பிரிக்கலாமா, ஓய்வூதியப் பணத்தை யார் வைத்திருப்பது, இந்த மாத்திரை எதற்காக, நாளை கோயிலுக்குப் போகலாமா — இவற்றையெல்லாம் வீட்டில் இருக்கும் மனிதன் எண்ணிப் பார்ப்பதே இல்லை. மூச்சுவிடுவதுபோல் அவை இயல்பாய் நிகழ்கின்றன. இல்லத்தில் இருப்பவருக்கோ இவை ஒவ்வொன்றும் பிறர் அனுமதியைப் பொறுத்தவை. நாள் ஒன்றுக்கு இருபது முறை அனுமதி கேட்டு வாழும் மனிதர், நாளடைவிற் கேட்பதையே விட்டுவிடுகின்றார். அதனை நாம் அமைதி என்றும் பக்குவம் என்றும் தவறாக எண்ணிக்கொள்கின்றோம்.

இவ்விடயத்தில் அமெரிக்க நாட்டின் வரலாறு நாம் கற்கத்தக்கது. அங்கே 1965ஆம் ஆண்டில் முதியோருக்கும் வறியோருக்கும் அரசினர் மருத்துவச் செலவை ஏற்கும் திட்டங்கள் தோன்றின. அரசாங்கப் பணம் பெருகவே, பராமரிப்பு இல்லங்களும் காளான்போல் முளைத்தன. இலாபத்தையே குறியாகக் கொண்ட பல இல்லங்களில் முதியோர் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டனர். ஓயாது கூப்பிடுவோருக்கு மயக்க மருந்து ஊட்டப்பட்டது. படுக்கைப் புண்கள் கவனிப்பாரின்றி அழுகின. பத்திரிகைகள் இவற்றை வெளிக்கொணர்ந்தன. 1972ஆம் ஆண்டில், இல்லவாசிகளின் முறைப்பாடுகளைக் கேட்டு அவர்கள் பக்கம் நின்று பேசும் குறைகேள் அதிகாரிகள் சில மாநிலங்களிற் பரீட்சார்த்தமாக நியமிக்கப்பட்டனர். 1978ஆம் ஆண்டில் அவ்வேற்பாடு எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாயிற்று.

1975ஆம் ஆண்டில் எல்மா ஹோல்டர் என்னும் பெண்மணி, இல்லங்களின் சீர்திருத்தத்தை நாடிய பல குழுக்களை ஒன்றிணைத்தார். அக்கூட்டமைப்பு செய்த காரியங்களுள் ஒன்று மிக எளியது. ஆயினும் முன்னர் பலரும் செய்ய நினையாதது. நல்ல பராமரிப்பு என்றால் என்ன என்று இல்லங்களில் வாழ்ந்தோரிடமே சென்று கேட்டனர். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில் நானூறுக்கு மேற்பட்டோர் தம் கருத்தைக் கூறினர். கட்டடத்தின் சிறப்பையோ கருவிகளின் புதுமையையோ அவர்கள் முதன்மையாகக் கூறவில்லை. தம்மைப் பராமரிப்போர் அன்பும் மரியாதையும் உடையவராய் இருத்தல் வேண்டும், தம் வாழ்வைப் பற்றித் தாமே தெரிவு செய்ய வழி வேண்டும் என்பனவே அவர்தம் வேட்கையாய் இருந்தன. அடுத்த ஆண்டில் அந்நாட்டு மருத்துவக் கழகம் அரசினருக்கு விரிவான அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தது. 1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் வகுத்துள்ள உரிமைகளை நம் வாசகர்கள் அறிதல் நன்று. தம் வைத்தியரைத் தாமே தெரிவு செய்யும் உரிமை; தம் உடல்நிலையைப் பற்றி முழுமையாக அறியும் உரிமை; தண்டனைக்காகவோ பணியாளரின் வசதிக்காகவோ கட்டி வைக்கப்படாமலும் மருந்தால் மயக்கப்படாமலும் இருக்கும் உரிமை; தனிமைக்கும் கடிதப் போக்குவரத்துக்கும் உரிய உரிமை; பழிவாங்கலுக்கு அஞ்சாது முறையிடும் உரிமை; இல்லவாசிகளும் குடும்பத்தாரும் தத்தமக்குச் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமை; தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கும் உரிமை என்பன அதில் இடம்பெற்றுள்ளன. சட்டத்திற் கூறிய காரணங்களுள் ஒன்று இருந்தாலன்றி ஒருவரை இல்லத்தைவிட்டு வெளியேற்றுதல் ஆகாது. வெளியேற்றுவதானாலும் பொதுவாக முப்பது நாள் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும்.

சட்டம் செய்துவிட்டால் மனிதர் மாறிவிடுவரோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு கணக்கைக் காட்டலாம். 1991ஆம் ஆண்டில் அந்நாட்டு இல்லவாசிகளுள் நூற்றுக்கு 21 பேர் கட்டப்பட்டிருந்தனர். 2007ஆம் ஆண்டளவில் அத்தொகை நூற்றுக்கு ஐந்துக்குங் கீழே இறங்கியது. கட்டை அவிழ்த்தால் முதியவர் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வர் என்று அஞ்சியோர் பலர். கட்டி வைப்பதனால் தசை தளர்வதும், புண் உண்டாவதும், மனம் ஒடிவதும், கட்டிலிருந்து விடுபட முயன்று கழுத்து இறுகி இறப்பதும் உண்டு என்பதைப் பின்னரே அவர்கள் உணர்ந்தனர். பாதுகாப்பு என்ற பெயரால் நாம் செய்பவை யாவும் பாதுகாப்பு ஆகா.

எனினும் அமெரிக்காவின் கதை முற்றுப்பெற்ற வெற்றிக் கதையன்று. இந்தியானா மாநிலத்தில் அரசுக்குரிய இல்லமொன்றில், மறதி நோயுற்ற முதியவர் ஒருவர் மருந்துகளால் அடக்கப்பட்டார் என்றும், குடும்பத்தாரின் சம்மதமின்றி வேறிடத்துக்கு மாற்றப்பட்டார் என்றும் அவர் குடும்பத்தார் வழக்காடினர். சட்டத்திற் கூறிய இவ்வுரிமைகள் மீறப்பட்டால் இல்லவாசி தாமே நீதிமன்றத்தை நாடலாம் என்று 2023ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் பிறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னரே இத்தெளிவு கிடைத்தது. ஒவ்வோர் இல்லவாசிக்கும் நாளொன்றுக்கு இத்தனை மணிநேரப் பராமரிப்பு கிடைத்தல் வேண்டுமென்று 2024ஆம் ஆண்டில் ஒரு விதி வகுக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டில் ரெக்சஸ் மாநிலத்து நீதிமன்றமொன்று அவ்விதியைத் தள்ளுபடி செய்தது. பராமரிக்கும் கைகள் போதாவிடத்து உரிமைப் பட்டியல் சுவரில் தொங்கும் தாளாகவே இருக்கும். பெற்ற உரிமையைக் காப்பதும் பெறுவதைப் போலவே ஓயாத வேலை என்பதை இதனால் அறிகின்றோம்.

கனடாவில் நடந்தது நமக்கு இன்னும் அண்மையானது. நம்மவர் பலர் அங்கே முதுமையடைந்து வருகின்றனர். 2020ஆம் ஆண்டிற் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, முதலலையில் அந்நாட்டில் இறந்தோருள் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பேர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்தோர். ஒன்ராறியோ மாகாணத்தில் ஐந்து இல்லங்களுக்கு உதவ இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். அவர்கள் கண்டவற்றை மே மாதத்தில் அறிக்கையாக வெளியிட்டபோது நாடு திகைத்தது. உதவி கேட்டுக் கூப்பிட்டோர் நெடுநேரம் கவனிப்பாரின்றிக் கிடந்தனர். அழுக்கும் பூச்சிகளும் மலிந்திருந்தன. நோய்க்கு அஞ்சி வாயில்கள் அடைக்கப்பட்டமையால், மக்களின் முகம் காணாமலே மாண்டோர் பலர். தொற்றைத் தடுக்க வேண்டிய அவசியத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உறவினர் வருகை என்பது வெறும் பொழுதுபோக்கன்று. அது பராமரிப்பின் ஒரு பகுதி, இல்லத்தைக் கண்காணிக்கும் கண்ணும் அதுவே. 2021ஆம் ஆண்டில் ஒன்ராறியோ இயற்றிய புதிய சட்டம், தம்மைப் பராமரிக்கும் உறவினரின் துணையை இடையறாது பெறுவதையும் இல்லவாசியின் உரிமைகளுள் ஒன்றாக்கியுள்ளது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் உண்டு. 2011ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. அச்சட்டத்தினால் தேசிய முதியோர் சபையும் முதியோருக்கான தேசியச் செயலகமும் அமைந்தன. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், மக்களிடமிருந்து பராமரிப்புப் பெற முறையிடுவதற்கென ஒரு சபையும் உண்டு. உறைவிடப் பராமரிப்பு அளிக்கும் நிலையங்கள் பதிவு செய்யப்படல் வேண்டும் என்ற விதியும் அதில் அடங்கும். கைதடியில் உள்ளது போன்ற அரச இல்லங்களும் இயங்கி வருகின்றன. ஆகவே நாம் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆனால் அச்சட்டத்தின் நோக்கம் பெரிதும் பெற்றோருக்கும் மக்களுக்கும் இடையே உள்ள கடமையைப் பற்றியது. இல்லத்தின் வாயிலைக் கடந்து உள்ளே சென்றபின், அங்குள்ள கட்டிலில் கிடப்பவர்க்கும் அவ்வில்லத்தை நடத்துவோர்க்கும் இடையே உள்ள உறவைப் பற்றி, அமெரிக்கச் சட்டத்தில் உள்ளதுபோன்று ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துரைக்கும் உரிமைப் பட்டியல் அதில் இல்லை. இக்குறை நிரப்பப்படல் வேண்டும். அதற்கு நாம் வேண்டுவன சிலவற்றை இங்கே கூறுகின்றோம்.

முதலாவதாக, இல்லவாசிகளின் உரிமைகள் சட்டத்தில் இடம்பெற்று, தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஒவ்வோர் இல்லத்தின் சுவரிலும் எழுதப்படல் வேண்டும். எழுத்தறியாதார்க்கு அவை வாசித்துக் காட்டப்படல் வேண்டும். இரண்டாவதாக, இல்லத்திற் சேரும்போதே பணத்தைப் பற்றிய உடன்படிக்கை எழுத்தில் அமைதல் வேண்டும். மாதக் கட்டணம் எவ்வளவு, வைத்தியச் செலவு யாருடையது, இடையில் விலகினாலோ இறந்தாலோ வைப்புப் பணம் யாருக்கு என்பன தெளிவாக இருத்தல் வேண்டும். காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் இல்லத்தாரிடம் ஒப்படைக்குமாறு எவரும் நெருக்கப்படல் ஆகாது. மூன்றாவதாக, வைத்தியரின் எழுத்துமூல உத்தரவும் உரிய காரணமும் இன்றி எவரையும் கட்டுவதோ மருந்தால் உறங்கச் செய்வதோ கூடாது.

நான்காவதாக, ஒவ்வோர் இல்லத்திலும் இல்லவாசிகளின் சங்கமொன்று மாதந்தோறும் கூடுதல் வேண்டும். உணவைப் பற்றியும் நேர ஒழுங்கைப் பற்றியும் அவர்கள் கூறுவதை நிர்வாகம் குறித்துக்கொண்டு மறுமொழி கூறல் வேண்டும். ஐந்தாவதாக, இல்லத்தாருக்கும் கொடையாளிகளுக்கும் கட்டுப்படாத குறைகேள் அதிகாரி ஒருவர் மாவட்டந்தோறும் நியமிக்கப்படல் வேண்டும். அவர் முன்னறிவித்தலின்றி எந்த இல்லத்துள்ளும் செல்லவும், எந்த முதியவரோடும் தனித்துப் பேசவும் அதிகாரம் உடையவராதல் வேண்டும். மேற்பார்வையாளர் அருகில் நிற்கும்போது 'குறை ஒன்றுமில்லை' என்று முதியவர் கூறும் சொல்லைச் சாட்சியமாகக் கொள்ளுதல் பேதைமை.

ஆறாவதாக, மொழி. மறதி நோய் முற்றும்போது பிற்காலத்திற் கற்ற மொழிகள் முன்னதாக நழுவிப் போகத் தாய்மொழியே எஞ்சி நிற்பதைப் பலரிடம் காணலாம். கொழும்பிலாயினும் ரொறன்ரோவிலாயினும், தமிழ் மட்டுமே எஞ்சிய ஒருவரைத் தமிழறியாதார் நடுவே வைப்பது, பேசும் வாயிருந்தும் ஊமையாக்குவதற்கு ஒப்பாகும். தண்ணீர் என்று கேட்பதை எவரும் விளங்காத இடத்தில் வேறெந்த உரிமையைப் பற்றிப் பேசிப் பயன் என்ன?

இவ்வாறெல்லாம் கேட்டால் தொண்டு செய்வோர் மனம் சோர்ந்து இல்லங்களை மூடிவிடுவர் என்று சிலர் கூறுவர். இது எளிதிற் புறக்கணிக்கத்தக்க வாதமன்று. குறைந்த வருவாயோடு தள்ளாடும் இல்லங்கள் பல உள. ஆனால் நாம் வேண்டியவற்றுட் பலவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே செல்வதற்கும், பெயர் சொல்லி அழைப்பதற்கும், பிரிக்காத கடிதத்தைக் கையிற் கொடுப்பதற்கும் பணம் வேண்டியதில்லை. பணம் வேண்டியவற்றுக்கு அரசினர் உதவுதல் கடன். குறிப்பாக, முதியோரைத் தூக்கியும் துடைத்தும் பணிபுரியும் பெண்களுக்குத் தக்க ஊதியமும் பயிற்சியும் ஓய்வும் கிடைத்தல் வேண்டும். இரவு முழுவதும் பல கட்டில்களைத் தனியே கவனிக்க நேரும் ஒருத்தியிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமன்று. பணியாளரை நசுக்கி இல்லவாசியை உயர்த்துதல் ஒருபோதும் இயலாது.

உலக அரங்கிலும் இக்கருத்து வலுப்பெற்று வருகின்றது. 1991ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை முதியோருக்கான கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. இல்லங்களில் வாழும் முதியோர்க்கும் மனித உரிமைகள் முழுமையாக உண்டு. அவர்தம் கண்ணியமும் நம்பிக்கையும் தனிமையும் மதிக்கப்படல் வேண்டும். தம் பராமரிப்பைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமையும் அவர்க்கு உண்டு என்று அவை கூறுகின்றன. 2025ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை, முதியோர் உரிமைகள் பற்றிய உடன்படிக்கை ஒன்றை வரைவதற்கெனச் செயற்குழுவொன்றை அமைக்கத் தீர்மானித்தது. அந்த முயற்சியில் இலங்கையின் குரல் தெளிவாக ஒலித்தல் வேண்டும். அதற்கு முன்னர் தன் வீட்டை ஒழுங்கு செய்தலும் வேண்டும்.

இப்பக்கங்களில் எழுதுவோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் சிறுகதைகளில் முதியோர் இல்லம் பெரும்பாலும் பிள்ளையின் நன்றியின்மையைக் காட்டும் இறுதிக் காட்சியாகவே வருகின்றது. வாயிலில் தாயை விட்டுவிட்டு மகன் திரும்பியதும் கதை முடிந்துவிடுகின்றது. உண்மையில் அந்தத் தாயின் புதிய வாழ்க்கை அப்போதுதான் தொடங்குகின்றது. அங்கும் நட்பும் பூசலும் உண்டு. நகைப்பும் நோன்பும் காத்திருப்பும் உண்டு. அவற்றைப் போய்க் கண்டும் கேட்டும் எழுதுங்கள். ஒரு மனிதரின் கதையை அறிந்த சமுதாயம் அவரைக் கட்டிலின் எண்ணால் அழைக்கக் கூசும்.

வாசகர்களுக்கு நாம் கூறுவது சுருக்கமானது. உங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள இல்லம் ஒன்றுக்கு அடுத்தமுறை செல்லும்போது, சாப்பாட்டோடு சற்று நேரத்தையும் கொண்டு செல்லுங்கள். படம் பிடிப்பதற்கு முன் சம்மதம் கேளுங்கள். ஒருவர் அருகில் அமர்ந்து, அவர் பெயரையும் ஊரையும், அங்கே அவருக்கு எது குறை என்பதையும் கேளுங்கள். கேட்டதை உரிய இடத்திற் சொல்லுங்கள். அவர் அஞ்சினால், அவர் பெயரை மறைத்துச் சொல்லுங்கள். இந்நாட்டின் சட்டமியற்றுவோரும் அதே கேள்விகளை அவர்களிடம் நேரிற் கேட்ட பின்னரே, அவர்களுக்கான அடுத்த திருத்தத்தை எழுதுவாராக.